பந்து இல்லாதவரைப் பிடிக்கக் கூடாது

ஸ்டுட்கார்ட்
மார்ச் 2

அன்புள்ள தங்கச்சி பிரபாலினிக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று உன் கைபேசி ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அறிவிக்கிறது. "நாம் நலம். வேலை அதிகம். பிறகு பேசுவோம்" என்ற அந்தச் செய்தியின் நடை தம்பி தபோதரனுடையது என்பதை நான் அறிவேன். சிட்னியில் அவ்வளவு பெரிய கணக்காளர் வேலைக்கிடையிலும் மனைவியின் கைபேசிக்குத் தானே பதில் எழுதுகிற கணவன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்? அவருக்குச் சிரமம் தராமல் இந்த முறை தாளில் எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம். அவர் முதலில் வாசித்துவிட்டு உன்னிடம் தந்தாலும் குறையில்லை.

தைப்பொங்கல் அன்று நீ வீடியோவில் வந்து பொங்கல் பானையைத் தூக்கிக் காட்டினாய். அப்போது சட்டைக் கை மேலே ஏறியது. மேல்கையில் நீலமாக நாலு கோடு தெரிந்தது. நான் கேட்பதற்குள் தம்பி படத்துக்குள் வந்து, "அக்கா, உங்கட தங்கச்சி இப்ப றக்பி லீக் விளையாடுறா, பொம்பிளையளின்ர அணியில சேர்ந்திட்டா" என்று சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் கிளித்தட்டுக்குக்கூட இறங்காமல் மர நிழலில் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தவள் நீ. முப்பத்தெட்டு வயதில் உனக்குள் ஒரு வீராங்கனை எழும்பியிருக்கிறாள் என்றால் கூடப் பிறந்தவளுக்குப் பெருமை இராதா? அந்த விளையாட்டின் சட்டங்களைப் படிப்பது என் கடமை என்று அன்றே முடிவு செய்தேன்.

இந்த நாட்டில் அது லேசான காரியம் அல்ல. ஜெர்மன்காரருக்கு றக்பி என்றால் பதினைந்து பேர் ஆடுவது. பதின்மூன்று பேர் ஆடுகிற றக்பி லீக் என்று வேறொன்று உண்டு என்றேன். நூலகத்தில் வேலை செய்கிற ஜெர்மன் பெண்மணி, நான் எண்ணிக்கையைப் பிழையாகச் சொல்வதாக நினைத்து அன்போடு திருத்தினார். கடைசியில் என்னோடு வேலை செய்கிற யோகத்தின் மகன் சுலக்ஷன்தான் கைகொடுத்தான். கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிறான், சனிக்கிழமைகளில் லீக் ஆடுகிறான். சேற்றுக்குள் என்னைக் குடையோடு நிற்க வைத்து இரண்டு மணித்தியாலம் பாடம் நடத்தினான்.

பந்தோடு ஓடுகிறவரை எதிரணி மடக்கிப் பிடித்து விழுத்தும். அவர்கள் டக்கிள் என்பார்கள், நான் பிடி என்று எழுதுகிறேன். ஒரு அணிக்கு ஆறு பிடி வரைதான் பொறுமை. ஆறாவது பிடியோடு பந்து மற்ற அணிக்குப் போய்விடும். பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் கொடுத்துக் கொடுத்தே முன்னேற வேண்டும். எங்கள் சனம் வாழ்ந்த விதத்தைப் பார்த்து யாரோ எழுதியதுபோல இருக்கிறது.

என்னைக் கவர்ந்தவை வேறு சட்டங்கள். தோளுக்கு மேலே கை போகக் கூடாது. ஒருவரைத் தலைகீழாகத் தூக்கிப் போடக் கூடாது. பிடிக்கு முன்பே தானாக விழுவதும் தவறாம். இது எனக்குப் புதிது, தானாக விழுகிற பெண்கள் எங்கள் சமூகத்தில் நிறைய இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரியது, கையில் பந்து இல்லாதவரைத் தொடவே கூடாது.

தம்பி உங்கள் பகுதிச் சிறுவர் றக்பி லீக் கழகத்தையே நடத்துகிறவர். அவரிடம் என் சார்பில் ஒன்று கேள். உனக்கு எப்போதாவது பந்து தருகிறார்களா? நீ பந்தைக் கையில் வைத்திருக்கிற ஒரு படம் அனுப்பினால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன்.

இன்னொரு செய்தி. மே மாதம் எங்கள் கோயில் இளைஞர்களின் விளையாட்டு விழா. கடல் கடந்து விளையாட்டை வளர்க்கும் தமிழர் ஒருவரைக் கௌரவிக்க நிர்வாகம் விரும்பியது. நான் தம்பியின் பெயரைச் சொன்னேன். சாமிக்கு முன் பரிவட்டம், பிறகு மண்டபத்தில் பொன்னாடை, றக்பி லீக்கின் சட்டங்கள் பற்றி அவருடைய உரை. ஐயர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறார். சங்கற்பத்துக்குத் தம்பதியாக நிற்க வேண்டும், தனி ஆளுக்குப் பரிவட்டம் இல்லை. ஆகவே உன்னையும் கூட்டிவர வேண்டியிருக்கும். தம்பி இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

குளிரில்லாத நாட்டில் இருந்தாலும் நீளக் கைச் சட்டை போடுகிறாய் என்று அறிந்தேன். இங்கே வரும்போது அது உதவும்.

உனக்கு நல்ல நித்திரை வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அக்கா மகாதேவி


ஸ்டுட்கார்ட்
மார்ச் 24

மதிப்புக்குரிய ஸ்ரீதரன் அண்ணைக்கு,

பான் நகரில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள். நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் சொன்னதை எழுதி வைக்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். "பிள்ளை, அவன் நல்ல பெடியன். குடிக்கிறானே? இல்லை. கோயில், குளம், வேலை எண்டு இருக்கிறவன். நான் பார்த்துச் செய்து வைச்ச கலியாணம். பிள்ளையும் இல்லாத பெட்டை, இதையும் விட்டிட்டு எங்க போறது? ஒரு நீலத்தைப் பார்த்திட்டுக் குடும்பத்தைக் குழப்பாத. ஆதாரம் என்ன கிடக்கு?"

அண்ணை, நான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் விளையாட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதா என்று சந்தேகம் வந்தால் களத்தில் நிற்கும் நடுவர் முதலில் ஒரு தீர்ப்பைச் சொல்வார். பிறகு வேறொருவர் அறைக்குள் இருந்து வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். போதிய ஆதாரம் இல்லையென்றால் முதல் தீர்ப்பே நிற்கும். பத்து வருடத்துக்கு முன்பு நீங்கள் "நல்ல பெடியன்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். எங்கள் குடும்பம் முழுவதும் அறைக்குள் இருந்து வீடியோ பார்க்கிறது. ஆனால் அந்த நடுவர்கள் வீடியோ ஓடும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பார்களாம்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பது. "படியில விழுந்திட்டன்" என்பதை நான் ஜெர்மன் மொழிக்கு எத்தனை முறை கொண்டுபோயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த நாட்டுப் படிகள் தமிழ்ப் பெண்களை மட்டும் தேடிப் பிடித்து விழுத்துகின்றன. தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்களும் விழுகிறார்கள். ஒருமுறை வைத்தியர், இவரது வீட்டில் படி இருக்கிறதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் மொழிபெயர்க்க வந்தவள், அதற்கு விடை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெண்ணிடம் கேள்வியைக் கொடுத்தேன். அவர் புருசனைப் பார்த்தார். புருசன் "இருக்கு" என்றார்.

பொங்கலன்று அவளுடைய வீடியோவில் இருந்து எடுத்த படத்தைச் சுலக்ஷனிடம் காட்டினேன். அந்தப் பையன் இங்கேயே பிறந்தவன், எங்களைப்போலச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "இது டக்கிள் இல்லை அன்ரி. டக்கிள் எண்டா தோளால. இது விரல். பெருவிரல் மற்றப் பக்கம் இருக்கும்" என்றான். பிறகு, அவுஸ்திரேலியாவில் பெண்களின் லீக் குளிர்காலத்தில்தான் நடக்கும், தை மாதம் அங்கே கொதிக்கிற வெயில் என்றும் சொன்னான். என் மேல்கையைப் பிடித்துக் காட்டச் சொன்னேன். "எனக்கு ஏலாது" என்று பின்னால் போய்விட்டான். வீட்டுக்கு வந்து என் கையை நானே பிடித்துப் பார்த்தேன். விரல்கள் அதே இடத்தில் போய் உட்கார்ந்தன.

போன கிழமை பிரபாலினி தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துத் தொலைபேசியில் இருந்து எனக்கு அழைப்பு எடுத்தாள். "அக்கா, றக்பியைப் பற்றி இனி எழுதாத. அவர் உன்ர கடிதத்தைச் சத்தமா வாசிச்சுச் சிரிக்கிறார். பிறகு..." என்றாள். அந்தப் பக்கம் யாரோ வந்தார்கள். "ஓம் அக்கா, நல்லா விளையாடுறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் "பிறகு"க்குப் பின்னால் என்ன வரும் என்பதை நான் என் தொழிலில் தினமும் மொழிபெயர்க்கிறேன். ஆகவே இனி எழுதமாட்டேன்.

தபோதரன் வருவதற்குச் சம்மதித்துவிட்டார். உரைக்குத் தலைப்பும் தானே அனுப்பியிருக்கிறார், "ஒழுக்கமும் றக்பி லீக்கும்". தன் படம் அழைப்பிதழில் எந்த அளவில் வரும் என்று கேட்டிருந்தார். பிள்ளையாரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கி இடம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் வரவேண்டும் அண்ணை. பொன்னாடையை உங்கள் கையால் போர்த்தினால்தான் அவருக்கு மனம் நிறையும். நான் குடும்பத்தைக் குழப்பமாட்டேன். நீங்கள் சொன்னபடி, ஆதாரம் கிடைக்கும்வரை மரியாதையோடு நடந்துகொள்வேன். அம்மா போகும்போது பிரபாவின் கையை யாருடைய கைக்குள் வைத்துவிட்டுப் போனா என்பதை மட்டும் வரும் வழியில், ரயிலில் வேறு வேலை இல்லாவிட்டால், நினைத்துப் பாருங்கள்.

உங்கள் சொல்லுக்கு எப்போதும் மதிப்பளிக்கும்,
தங்கை மகாதேவி


ஸ்டுட்கார்ட்
ஜூன் 1

தம்பி தபோதரனுக்கு,

நீங்கள் சுகமாகச் சிட்னி போய்ச் சேர்ந்ததை அறிந்தேன். உங்கள் மின்னஞ்சலும் கிடைத்தது. பிரபாலினி எங்கே, உங்கள் கோட்டுப் பைக்குள் இருந்த அவளுடைய கடவுச்சீட்டு எப்படிப் போனது, இதில் தலையிட நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வி இலகுவானது. நான் அவளுடைய அக்கா.

முதலில் உங்கள் உரைக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று மண்டபத்தில் இருந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு கோயிலின் முகநூல் பக்கத்தில் போட்ட வீடியோவை முழுதாகப் பார்த்தேன். வேட்டியும் சால்வையும் தலையில் பரிவட்டமுமாக நீங்கள் றக்பி லீக்கை விளக்கிய காட்சியை இந்த ஊர் மறக்காது. சுலக்ஷன் எழுந்து, "பந்து இல்லாத ஆளைப் பிடிக்கலாமோ அங்கிள்?" என்று கேட்டான். அதற்கு நீங்கள், "ஒருக்காலும் ஏலாது தம்பி. அது விளையாட்டு இல்லை, அது கோழைத்தனம்" என்றீர்கள். மண்டபம் கை தட்டியது. அவனும் தட்டினான். வேறு யாரும் அவ்வளவு நேரம் தட்டவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் தவறிவிட்டீர்கள். விழுந்தவர் உடனே எழும்பவேணும், எழும்பாவிட்டால் அது அவருடைய குற்றம் என்றீர்கள். சட்டம் அப்படி இல்லை. பிடித்தவர் முதலில் விடவேண்டும். அவர் கையை எடுத்து விலகிய பிறகுதான் மற்றவருக்கு எழும்பும் கடமை தொடங்குகிறது. கழகத்துப் பிள்ளைகளுக்கும் இதைத் தலைகீழாகத்தான் சொல்லிக் கொடுக்கிறீர்களோ என்று கவலைப்பட்டேன்.

கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலையத்தில் இரண்டு கடவுச்சீட்டையும் வாங்கி உள்பையில் வைத்தீர்கள். மே மாத வெயிலிலும், சாப்பாட்டு மேசையிலும் அதைக் கழற்றவில்லை. எங்கள் வீட்டுச் சாய்கதிரையில் அதோடுதான் நித்திரை கொண்டீர்கள். உங்களிடம் இருந்து அதைக் கழற்ற இந்த நாட்டில் யாராலும் ஏலாது. ஆனால் வெறும் மேலோடு நின்றால்தான் ஐயர் பரிவட்டம் கட்டுவார். கார்ச் சில்லுக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற கொட்டகை என்றாலும் எங்கள் கோயில் அந்த முறையை விட்டுக்கொடுத்ததில்லை. நீங்களே கழற்றி என்னிடம் தந்தீர்கள். "அக்கா, இதை ஒருக்காப் பிடியுங்கோ, கீழ வைச்சிடாதேங்கோ" என்றீர்கள். கீழே வைக்கவில்லை. உள்பையில் இருந்து அவளுடையதை மட்டும் எடுத்தேன். உங்களுடையது அங்கேயே இருந்தது. அடுத்தவரின் கடவுச்சீட்டை வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

சங்கற்பம் முடிந்ததும் நீங்கள் மண்டபத்துக்குப் போனீர்கள். அவளைக் கோயில் சமையலறைக்குப் போக அனுமதித்தீர்கள், அங்கே ஆண்கள் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்த பிறகு. அவளுக்கு எதுவும் தெரியாது. நான் முன்கூட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நீங்கள் முகத்தில் வாசித்திருப்பீர்கள், உங்களுக்கு அந்தத் திறமை உண்டு. அவள் கழுவுதொட்டியில் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் கடவுச்சீட்டைக் காட்டினேன். "யோகத்தின்ர கார் பின்வாசலில நிக்குது. வாறியா?" என்று கேட்டேன். அவள் ஒலிபெருக்கியைக் கவனித்தாள். நீங்கள் பேசத் தொடங்கியிருந்தீர்கள்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அக்கா, இந்தக் கோப்பையளைக் கழுவி முடிச்சிட்டு வரட்டே?"

பத்து வருடத்தில் நீங்கள் அவளை எப்படிப் பழக்கியிருக்கிறீர்கள் என்பதை அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நான் குழாயைப் பூட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துடைத்த துணியை நாலாக மடித்து வைத்துவிட்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான் மொழிபெயர்க்கவில்லை. உறவினர் செய்யக் கூடாது. வேறொரு பிள்ளையை அழைத்தார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவள் வைத்தியரிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. நெடுநேரம் எடுத்தது. மொழிபெயர்த்த பிள்ளை வெளியே வந்து கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். தொழிலுக்குப் புதியவள். எலும்புகளைப் படம் பிடித்தவர் மட்டும் போகிறபோக்கில் என்னிடம், உங்கள் தங்கை விபத்தில் சிக்கினவரா, பழைய முறிவுகள் தானாகப் பொருந்தியிருக்கின்றனவே என்று கேட்டார். றக்பி லீக் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவள் இப்போது பெண்கள் காப்பகம் ஒன்றில் இருக்கிறாள். எந்த ஊர் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. அண்ணைக்கும் தெரியாது, ஆகவே அவரை அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர் உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு என்னிடம் வந்து சண்டை பிடித்தார். சனம் என்ன சொல்லும், ஆதாரம் என்ன என்று கேட்டார். போன சனிக்கிழமை யோகத்தின் வீட்டில் வைத்து அவளைச் சந்திக்க வைத்தேன். தலையைத் தடவி ஆறுதல் சொல்லக் கையை உயர்த்தினார். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். பிறகு, யார் என்று கண்டதும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றாள். அவர் உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தன்னுடைய தீர்ப்பு என்ன என்று இதுவரை எனக்கு அறிவிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் அங்கே, மனைவி வைத்தியத்துக்காக ஜெர்மனியில் தங்கியிருக்கிறாள் என்று சொல்லிவருவதாகக் கேள்விப்பட்டேன். அது முழுக்க உண்மை. அப்படியே சொல்லுங்கள். அவள் அவுஸ்திரேலியக் குடிமகள், விரும்பும்போது அந்த நாட்டுக்குத் திரும்புவாள், அந்த வீட்டுக்கு அல்ல. அங்கே ஒரு வழக்கறிஞர் அம்மா அவளுக்காகப் பேசுவார். நீங்கள் பேசவேண்டியதெல்லாம் அவரிடம்.

உங்கள் உரையின் வீடியோவையும் வைத்தியரின் அறிக்கையையும் ஒரே உறையில் போட்டுக் கழகத்துக்கு அனுப்ப நான் முகவரி எழுதியும் விட்டேன். பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று பெற்றோர் அறிய வேண்டாமா? பிரபாலினி தடுத்தாள். "பாவம் அக்கா, அந்தப் பிள்ளையளில அவருக்குச் சரியான விருப்பம்" என்றாள். ஆகவே உறை மேசையில் இருக்கிறது. மேற்கு சிட்னியில் நீங்கள் தலை நிமிர்ந்து நடக்கும் ஒவ்வொரு அடியும் அவள் உங்கள்மேல் கொண்ட இரக்கத்தின் மேல் நடக்கும் அடி. உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். இரக்கம் அவளுடையது. முகவரி என் கையெழுத்து.

நீங்கள் அவளைத் தேடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவள் நேற்றுக் கடைக்குத் தனியாகப் போய்வந்திருக்கிறாள். அதைத் தொலைபேசியில் எனக்கு மூன்று முறை சொன்னாள். பாணும் பாலும் வாங்கினாளாம். வழியில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தாளாம். ஏன் சுணங்கினாய் என்று யாரும் கேட்கவில்லையாம். அந்த வாங்கை அவளிடம் இருந்து எடுத்துவிடாதீர்கள். அவ்வளவுதான் நான் உங்களிடம் கேட்பது.

மூத்தவள் என்ற முறையில் உங்களை வாழ்த்தி முடிக்க வேண்டும். நீங்கள் நூறு வயது வரை நோயில்லாமல் இருக்க வேண்டும் தம்பி. உங்களைக் கண்டு பயப்பட ஒருவருமே இல்லாத ஒரு வீட்டில், அத்தனை வருடமும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரபாலினியின் அக்கா
மகாதேவி